ஐம்பது லிட்டர் திருஷ்டி

ட்ரம்மைத் திறந்ததும் மகேஸ்வரி அக்கா முதலில் சந்தேகப்பட்டது மூடியைத்தான். வேறு ட்ரம்மின் மூடியைக் கழற்றிவிட்டோமோ என்று அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அந்த அறையில் நிரம்பிய ட்ரம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அடுத்து என்னைச் சந்தேகப்பட்டாள். நான் அப்போதுதான் உள்ளே வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

“கவினு, இங்க வா. இதுக்குள்ள என்ன இருக்குன்னு பாரு.”

பார்த்தேன். நேற்று மாலை அதே ட்ரம்மில், பச்சை நிறத்தில், எலுமிச்சை வாசனையோடு, கரண்டியில் எடுத்தால் கயிறாக இறங்கும் பாத்திரம் கழுவும் லிக்விட் ஐம்பது லிட்டர் இருந்தது. இன்று காலை பச்சை நிறம் இருந்தது. எலுமிச்சை வாசனையும் இருந்தது. கயிற்றைத்தான் காணோம். மக்கில் அள்ளி ஊற்றினால் மோர் மாதிரி சலசலவென்று விழுந்தது.

“தண்ணி,” என்றேன்.

“தண்ணின்னு எனக்கும் தெரியுது. எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி படிக்கறவன் சொல்ற பதிலாடா இது?”

மூடிய ட்ரம்முக்குள், பூட்டாத அறையில், ஒரு பொருள் தானாகவே நீர்த்துப் போயிருந்தது. நான் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். அக்காவும் அப்படித்தான் நின்றாள். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரத்தை நாங்கள் இதுவரை யாருக்கும் காட்டியதில்லை.

எங்கள் கன்னட ஊரின் மண்டி மொஹல்லா பேட்டையில், இரண்டு பைக் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்வாங்கியே தீரவேண்டிய சந்தில், ஒரு வெங்காயக் கிடங்கின் பின்னறை அது. அக்கா அதற்கு ‘யூனிட்’ என்று பெயர் வைத்திருந்தாள். யூனிட்டில் சில ட்ரம்கள், ஒரு தராசு, முனையில் கலக்கும் கம்பி பொருத்திய ஒரு டிரில் மெஷின் ஆகியவை இருந்தன. வெங்காய வாசனையும் இருந்தது. அது வாடகையில் சேர்த்தி.

இந்த யூனிட் வருவதற்கு முன்பு அக்கா ஏழு வருஷம் ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனியில் செக்கர். தையல் கோணினால் சட்டையை எடுத்து ஓரமாகப் போடுகிற வேலை. போன சனிக்கிழமை அதை ராஜினாமா செய்துவிட்டாள். மேனேஜர் நல்ல மனிதர். “திங்கள் மத்தியானம் பன்னெண்டு மணி வரைக்கும் யோசிம்மா. அதுக்குள்ள ஃபோன் பண்ணினா உன் இடம் உனக்கு. இல்லேன்னா வேற ஆள்,” என்று சொல்லி அனுப்பினார். இன்று அந்தத் திங்கள். பதினோரு மணிக்கு ஹேமந்த் என்பவர் வரப்போகிறார். ஊருக்குள் வரிசையாக, வேலைக்குப் போகிறவர்கள் தங்கும் பி.ஜி. ஹாஸ்டல் நடத்தும் ஒரு கம்பெனிக்குச் சாமான் வாங்குகிறவர். அவருக்குச் சரக்கு பிடித்தால் அக்கா வாராவாரம் ட்ரம் ட்ரம்மாகக் கலக்கிக்கொண்டு இங்கேயே இருப்பாள். பிடிக்காவிட்டால் பன்னிரண்டு மணிக்குள் மேனேஜருக்கு ஃபோன் செய்துவிட்டு, நாளையிலிருந்து மறுபடியும் கோணல் தையல் தேடுவாள். நடுவில் வேறு வழி எதுவும் கிடையாது.

ஹேமந்தின் பரிசோதனை எளிமையானது. பாட்டிலில் கொஞ்சம் இடம் விட்டு நிரப்பச் சொல்வார். அதைத் தலைகீழாகத் திருப்புவார். உள்ளே இருக்கும் காற்றுக் குமிழ் எவ்வளவு மெதுவாக மேலே ஏறுகிறது என்று பார்ப்பார். குமிழ் சோம்பேறியாக இருந்தால் சரக்கு நல்ல சரக்கு. சுறுசுறுப்பாக ஏறினால் போய்க்கொண்டே இருப்பார். லிக்விட் கெட்டியாக இருப்பதற்கும் பாத்திரத்தில் எண்ணெய் போவதற்கும் சம்பந்தமே இல்லை என்று அக்காவிடம் ஒருமுறை விளக்கியிருக்கிறேன். “கெட்டியா இல்லேன்னா எவன்டா வாங்குவான்?” என்று கேட்டாள். அந்தக் கேள்வி எங்கள் பாடத்திட்டத்தில் இல்லை.

சந்தில் ஆட்டோ சத்தம் கேட்டது. அக்காவின் வீட்டுக்காரர் சீனு மாமாவும் அவருடைய அம்மா பாப்பம்மாள் அத்தையும் டீ ஃப்ளாஸ்க்கோடு வந்து இறங்கினார்கள். மாமா ஆட்டோ ஓட்டுகிறவர். அத்தை ஒரு மெஸ்ஸில் சமையல். இன்று இந்த நல்ல காரியத்துக்காக லீவு போட்டிருந்தார். இரண்டு பேரும் ட்ரம்முக்குள் எட்டிப் பார்த்தார்கள்.

“அய்யய்யோ!” என்றார் அத்தை.

மாமா தலையில் மாட்டியிருந்த குரங்குக் குல்லாயை மெல்லக் கழற்றினார். பெரிய மனிதர் யாரோ செத்துப்போன மாதிரி இருந்தது.

“ராத்திரிக் குளிருக்கு எளகியிருக்கும், மாப்ளே,” என்றார் கடைசியில்.

“குளிருக்கு எளகாது மாமா, இறுகும். சூட்டுக்குத்தான் எளகும்.”

“அப்ப சூடா இருந்திருக்கும்.”

“நீங்க குல்லாய் போட்டுட்டு வந்திருக்கீங்க.”

“அது என் தலைக்குப்பா. ட்ரம்முக்கு எப்படி இருந்துச்சோ, யாரு கண்டா?”

அக்கா என் பக்கம் திரும்பினாள். “இவரை விடு. நீ சொல்லு. என்ன பண்ணலாம்?”

“உப்பு பத்தலை,” என்றேன், குரலை முடிந்தவரை கனமாக்கிக்கொண்டு.

இது ஊகம் மட்டும் அல்ல. இந்தத் தொழிலில் கெட்டியாக்குகிற மருந்து சமையல் உப்புதான். கெமிக்கல் கடையில் விற்கும் சோப்புப் பேஸ்டைத் தண்ணீரில் கரைத்தால் நீர்த்துத்தான் கிடக்கும். அளவாக உப்பைப் போட்டுக் கலக்கினால் கண்ணெதிரே தேனாகும். ஆக, தேன் நீர்த்திருந்தால் உப்பு குறைவு. அரைப் பாக்கெட் உப்பை ட்ரம்மில் கொட்டி, டிரில் மெஷினை உள்ளே இறக்கினேன்.

நல்ல லிக்விடாக இருந்தால் மெஷின் முனகும். இது முனகவில்லை. கொஞ்ச நேரத்தில் சுமையே இல்லாத மாதிரி உற்சாகமாகப் பாட ஆரம்பித்தது. அக்கா மக்கில் அள்ளி ஊற்றினாள். முன்பு மோர். இப்போது தெளிந்த ரசம்.

நான்கு பேரும் அந்த மக்கையே பார்த்தோம்.

“இன்னும் கொஞ்சம் வைத்தியம் பாருடா,” என்றாள் அக்கா. “குடிக்கற தண்ணியாவே ஆக்கிடலாம்.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“அக்கா, உப்பு போட்டா கெட்டி ஆகும். ஆனா ஒரு எல்லை வரைக்கும்தான். எல்லை தாண்டிப் போட்டா மறுபடி எளகும். இப்ப நான் போட்டது இன்னும் எளக வெச்சிருக்குன்னா, ஒரே அர்த்தம்தான். இதுல ஏற்கெனவே உப்பு அதிகம். நேத்து நீ போனதுக்கப்புறம் யாரோ வந்து உப்பு போட்டிருக்காங்க.”

வாசலில் வெங்காய மூட்டை இறக்கும் சத்தம் மட்டும் கேட்டது. எதிரி, சதி, நாசவேலை என்று அக்கா மனசில் படம் ஓடுவது எனக்கே தெரிந்தது.

“யாருடா எனக்கு இப்படிப் பண்ணுவாங்க?”

“நாந்தான் உப்பு போட்டேன் கண்ணு,” என்றார் பாப்பம்மாள் அத்தை, டீயை ஊற்றிக்கொண்டே. குரலில் குற்ற உணர்ச்சி இல்லை. லேசான பெருமைகூட இருந்தது.

“அத்தை!”

“நேத்து சாயங்காலம் இந்த வெங்காயக் கடைக்காரன் பொண்டாட்டி வந்து எட்டிப் பாத்தாளா? ‘ஏனக்கா, தேனாட்டம் இருக்குது’ன்னு வாயைப் பொளந்துட்டு நின்னா. கண்ணு பட்டா உப்பு சுத்தித் தண்ணியில போடோணும். மூணு கைப்பிடிக் கல்லுப்பு எடுத்து ட்ரம்மைச் சுத்தினேன். போட்டேன். கம்புல ஒரு கலக்கு கலக்கியும் உட்டேன்.”

“தண்ணியில போடணும்னா வாளித் தண்ணியில போட வேண்டியதுதானே?” என்றாள் அக்கா.

“வாளிக்கா கண்ணு பட்டுச்சு? ட்ரம்முக்குத்தானே பட்டுச்சு! அதுக்குள்ளயும் தண்ணிதானே இருக்குது?” என்ற அத்தை, எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, தான் யோசனை இல்லாமல் செய்யவில்லை என்று காட்டுவதற்காகச் சேர்த்துக்கொண்டார். “காஞ்ச மொளகாயும் சுத்தோணும். நான் சுத்தலை. பாத்திரம் கழுவற புள்ளைக கை எரியுமில்ல?”

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டாள். ஏழு வருஷம் கோணல் தையல் பார்த்தவள்தான். இப்படி ஒரு கோணலை அவள் பார்த்ததில்லை.

“உப்பு போட்டா கெட்டியாகும்னு இவனே சொல்றான், அப்பறம் நான் போட்டா மட்டும் எப்படி எளகும்?” என்று அத்தை என்னைக் கைகாட்டினார். நியாயமான கேள்வி. நான் விளக்க வேண்டியதாயிற்று.

“பேஸ்டுல இருக்கற ஒவ்வொரு மூலக்கூறுக்கும் ஒரு தலை, ஒரு வால் அத்தை. தலைக்குத் தண்ணின்னா உசுரு. வாலுக்குத் தண்ணியே ஆகாது. தண்ணிக்குள்ள விட்டா எல்லாம் கூட்டமாச் சேர்ந்து, வாலை உள்ள ஒளிச்சு, தலையை வெளிய நீட்டி, உருண்டையா நின்னுக்கும். யாரும் சொல்லித்தர வேண்டாம். தானா நிக்கும்.”

“பூந்தியாட்டம்.”

“பூந்தியாட்டம். ஆனா தலைக்கும் தலைக்கும் ஆகாது. எல்லாத் தலையிலயும் ஒரே மாதிரி மின்சாரம், ஒண்ணை ஒண்ணு தள்ளிக்கிட்டே இருக்கும். உப்பு போட்டா அந்தத் தள்ளுமுள்ளு அடங்கும். நெருங்கி நிக்கும். நெருங்க நெருங்க உருண்டை நீண்டு நூலாயிடும். நூல் எல்லாம் ஒண்ணுக்குள்ள ஒண்ணு சிக்கிக்கிட்டாத்தான் கெட்டி.”

“இடியாப்பம்.”

“அதேதான். அதுக்கு மேலயும் உப்பு போட்டா நூலும் நூலும் ஒட்டிக் கிளை விட ஆரம்பிக்கும். அந்த ஒட்டு ஒரே எடத்துல நிக்காது, நூல் மேலயே வழுக்கிட்டுப் போகும். சிக்கு இருந்த எடத்துல எல்லாம் வழுக்கல். கெட்டி போச்சு.”

அத்தை தலையாட்டினார். “சரி, ஒத்துக்கறேன். ஆனா நான் போட்டதுக்கு அது எளகலை கண்ணு. இன்னும் கெட்டியாத்தான் ஆச்சு. கம்பு அப்படியே நின்னுச்சு. நான் பாத்துட்டுத்தான் கதவைச் சாத்தினேன்.”

இது எனக்குப் புதிய அதிர்ச்சி. அத்தை பொய் சொல்லமாட்டார். சொல்லத் தெரிந்திருந்தால் முதல் வாக்கியத்திலேயே சொல்லியிருப்பார். மூன்று கைப்பிடி உப்பில் ஐம்பது லிட்டர் மேலும் கெட்டியாகி உச்சத்துக்குப் போயிருக்கலாம். உச்சத்திலிருந்து இந்தப் பக்கம் உருட்டிவிட்டது வேறு யாரோ. யோசித்துக்கொண்டே ட்ரம்மின் அடிவரை மெஷினை விட்டு ஒரு சுற்றுச் சுற்றினேன்.

நுரைக்கு நடுவில் ஒரு காய்ந்த மிளகாய் மிதந்து வந்தது.

சிவப்பாக, காம்போடு, பச்சை லிக்விடில் ஒரு வட்டம் அடித்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று வந்தது. அத்தை வாயைப் பொத்திக்கொண்டார். அக்கா மிளகாயைப் பார்த்தாள், அத்தையைப் பார்த்தாள், பிறகு மெதுவாகத் திரும்பி, குரங்குக் குல்லாயைக் கையில் வைத்துக் கசக்கிக்கொண்டிருந்த தன் புருஷனைப் பார்த்தாள்.

சீனு மாமாவை உங்களுக்குத் தெரிந்திருந்தால்தான் இந்த இடத்தில் எங்களுக்கு ஏற்பட்ட அதிர்ச்சி புரியும். ஆட்டோ ஸ்டாண்டில் அவர்தான் பகுத்தறிவு. பூனை குறுக்கே போனால் வண்டியை நிறுத்தி, பூனையை மறுபடி குறுக்கே ஓட்டிவிட்டுப் போவார். ராகு காலத்தில்தான் புது டயர் மாட்டுவார். எலுமிச்சம்பழம் கட்டாமல் மண்டி மொஹல்லாவில் ஓடும் ஒரே ஆட்டோ அவருடையது.

“ஏங்க,” என்றாள் அக்கா.

“நைட்டு சவாரி முடிச்சுட்டு வர்றப்ப சும்மா ஒரு பார்வை பாக்கலாம்னு வந்தேன்,” என்றார் மாமா, தரையைப் பார்த்தபடி. “தொறந்து பாத்தா கெட்டியா, பளபளன்னு… அப்படி ஒரு அழகு. நானே ஆ-ன்னு பாத்துட்டேன். அப்புறந்தான் பயமாயிடுச்சு. பட்டது என் கண்ணு.”

“உங்க கண்ணா?”

“ரொம்ப மோசமான கண்ணு, மகேசு. நான் ‘நல்லா ஓடுது’ன்னு சொன்ன வண்டி எதுவும் அடுத்த நாள் ஸ்டார்ட் ஆனதில்ல. ஸ்டாண்டுல கேட்டுப் பாரு.”

“எவ்வளவு உப்பு போட்டீங்க?”

“ஒரு பாக்கெட்.”

“ஒரு பாக்கெட்டா! கைப்பிடி போதாதா?”

“என் கண்ணுக்கா?” என்றார் மாமா, உண்மையான ஆச்சரியத்தோடு.

அத்தை தன் மகனைப் புதிய கண்களால் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. “ஊருக்குள்ள சாமி இல்ல, பூதம் இல்லன்னு பேசிட்டுத் திரியற. உப்பு சுத்த எங்கடா கத்துக்கிட்ட?” என்றார்.

“நீ சுத்தினப்ப எல்லாம் நடுவுல உக்காந்திருந்தது யாரும்மா?”

“அதெல்லாம் இருக்கட்டும். நீங்க இதை நம்பவே மாட்டீங்களே!” என்றாள் அக்கா.

“இப்பவும் நம்பலை,” என்றார் மாமா. “ஆனா ஆர்டர் உன்னுதாச்சே.”

அக்கா திட்ட வாயெடுத்தாள். என்ன திட்டுவது என்று தெரியாமல் மூடிக்கொண்டாள். சுவர்க் கடிகாரம் பத்தேகாலைக் காட்டியது.

போட்ட உப்பைத் திரும்ப எடுக்க முடியாது. ஆனால் உப்பு படாத பேஸ்டைக் கரைத்து இதோடு கலந்தால், இருக்கிற உப்பு நிறையத் தலைகளுக்குப் பங்காகிவிடும். ஆளுக்குக் கிடைக்கும் உப்பு குறைந்தால் மறுபடி நூல், மறுபடி சிக்கு, மறுபடி கெட்டி. அடுத்த வாரத்துக்கு வாங்கி வைத்த பேஸ்ட் ஒரு பெரிய டப்பில் இருந்தது. வெள்ளையாக, பரோட்டா மாவின் பதத்தில். “இதை மட்டும் கரைச்சு வெச்சிருங்க மாமா. கொஞ்சம் கொஞ்சமாத் தண்ணி ஊத்தி எளக்குங்க. நான் ட்ரம்முல மொளகாய் பொறுக்கறேன்,” என்று சொல்லிவிட்டு, சல்லடையை எடுத்துக்கொண்டு குனிந்தேன்.

முதுகுக்குப் பின்னால் தண்ணீர் ஊற்றும் சத்தம். கம்பால் கிண்டும் சத்தம். மறுபடி தண்ணீர். கிண்டும் சத்தம் கனமானது. பிறகு மாமா மூச்சு வாங்குவது கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

“மாப்ளே, இது எளக மாட்டேங்குது.”

“இன்னும் தண்ணி ஊத்துங்க.”

“ஊத்த ஊத்தத்தான் கல்லாகுது.”

திரும்பினேன். டப்பின் நடுவில் கம்பு யாரும் பிடிக்காமல் செங்குத்தாக நின்றுகொண்டிருந்தது. மாமா அதன்மேல் இரண்டு கையையும் வைத்து அழுத்தினார். கம்பு அசையவில்லை, டப் தரையோடு நகர்ந்தது. மாவாக இருந்த பேஸ்ட், தண்ணீரைக் குடித்துவிட்டு, கண்ணாடி மாதிரி ஒரு முரட்டு ஜெல்லியாக மாறியிருந்தது.

தண்ணீர் ஊற்றினால் எதுவும் இளகும் என்பது பிறந்ததிலிருந்து உலகம் எங்களுக்குக் கொடுத்திருந்த வாக்குறுதி. அதை அந்த டப் கண்ணெதிரே மீறியது. மற்ற மூவரும் ஏதோ அமானுஷ்யத்தைப் பார்ப்பது போல நின்றார்கள். என் அதிர்ச்சி வேறு வகை. எனக்கு இந்த ஜெல்லியைத் தெரியும். போன செமஸ்டர் பரீட்சையில் இதைப் படமாகவே வரைந்திருக்கிறேன். பேஸ்டாக இருக்கும்போது மூலக்கூறுகள் தோசை மேல் தோசையாக அடுக்கி இருக்கும். தோசைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும், அதனால் அசைந்துகொடுக்கும். கொஞ்சம் தண்ணீர் சேர்ந்ததும் அவை உருண்டு நீளக் குழல்களாகி, விறகுக் கட்டு போல நெருக்கி அடுக்கிக்கொள்ளும். எந்தப் பக்கமும் வழுக்க வழியில்லை. நிறையத் தண்ணீர் சேர்ந்தால்தான் கட்டு பிரியும். அதனால் பேஸ்டில் தண்ணீரை ஊற்றக் கூடாது, தண்ணீரில்தான் பேஸ்டைப் போட வேண்டும். ஸ்கேல் வைத்து அழகாக வரைந்த அந்தப் படத்துக்கு முழு மதிப்பெண் கிடைத்தது. கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றச் சொன்னதும் நான்தான்.

“இதுவும் உன் கண்ணாடா?” என்று அத்தை மகனைக் கேட்டார்.

“இல்லை அத்தை. இது என் படிப்பு,” என்றேன்.

“நமஸ்காரா,” என்று வாசலில் ஒரு குரல் கேட்டது. பதினோரு மணி ஆகவில்லை. ஹேமந்த் சீக்கிரம் வந்துவிட்டார்.

இஸ்திரி போட்ட சட்டை, தோளில் பை, கையில் ஹெல்மெட். உள்ளே வந்தவர் ரசமாக இருந்த ட்ரம்மைப் பார்த்தார். கம்பு நட்ட டப்பைப் பார்த்தார். என் கையிலிருந்த சல்லடையில் காய்ந்த மிளகாயைப் பார்த்தார்.

“என்னம்மா இது? லிக்விட்னு சொன்னீங்க, அல்வாவா?”

மாமா முன்னால் வந்து, “சார், டீ சாப்பிடுங்க, ஒரு அரைமணி…” என்று ஆரம்பித்தார். அக்கா அவர் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள்.

“சார், நேத்து சாயங்காலம் சரியாக் கலக்கி வெச்சேன். எங்க வீட்டு ஆளுங்க ரெண்டு பேரு ஆளுக்கொரு தடவை திருஷ்டி கழிச்சு இதுக்குள்ள உப்பைக் கொட்டிட்டாங்க. உப்பு அதிகமாகித் தண்ணியாயிடுச்சு. சரி பண்றேன்னு என் தம்பி பேஸ்டைக் கல்லாக்கிட்டான். இதான் சார் நெலமை.”

ஹேமந்த் தோள்பையைக் கீழே வைத்தார். அவர் வேலையில் எத்தனையோ காரணங்களைக் கேட்டிருப்பார். கரண்ட் போனது, லாரி வரவில்லை, பாட்டி செத்துப்போனது. இது அவர் கணக்கிலேயே இல்லாத காரணம் என்று முகத்தில் தெரிந்தது.

“நெஜமாவா?” என்றார்.

“மொளகாய் நான் போடலீங்க,” என்றார் அத்தை.

அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. அதை யோசனை என்று சொல்வது கொஞ்சம் அதிகம். இரண்டு கெட்டுப்போன பொருள்கள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன, அவ்வளவுதான். ட்ரம்மில் உப்பு அதிகம், சோப்பு போதாது. டப்பில் சோப்பு அதிகம், உப்பே இல்லை.

“அக்கா, அந்த ஜெல்லியை வெட்டி இதுக்குள்ள போட்டா?”

“போட்டா?”

“தெரியலை. ஒண்ணு, ரெண்டும் போகும். இல்லேன்னா…”

அவள் நான் முடிக்கும்வரை காத்திருக்கவில்லை. சமையல்காரர் அத்தையின் பையில் எப்போதும் இருக்கும் கத்தியை எடுத்து, அல்வாவைப் போல ஜெல்லியைத் துண்டு போட ஆரம்பித்தாள். மாமா அள்ளி அள்ளி ட்ரம்மில் போட்டார். நான் மெஷினைப் பிடித்தேன். ஹேமந்த் போகலாமா நிற்கலாமா என்று யோசித்து, கவிழ்த்து வைத்த ஒரு வாளியின் மேல் உட்கார்ந்தார். “நோடோண,” என்றார், பார்க்கலாம் என்று. அத்தை அவருக்கு டீ கொடுத்தார்.

முதலில் துண்டுகள் பனிக்கட்டி மாதிரி மிதந்து சுற்றின. ஒன்றும் ஆகவில்லை. நேரம் போய்க்கொண்டிருந்தது. துண்டுகளின் ஓரம் மழுங்கியது. பின் சுண்டைக்காய் அளவானது. என் தோள் மரத்துப்போன சமயத்தில் மெஷினின் பாட்டு ஒரு சுருதி இறங்கியது. முதலில் பிரமை என்று நினைத்தேன். மறுபடி இறங்கியது. பிறகு முனகியது. லிக்விட் கம்பியோடு சேர்ந்து திரும்பி, ட்ரம்மின் ஓரத்தில் மடிப்பு மடிப்பாக ஏறத் தொடங்கியது. அக்கா கரண்டியை விட்டு எடுத்தாள்.

கயிறு இறங்கியது.

நான் மெஷினை நிறுத்தக்கூட மறந்துவிட்டேன். புத்தகத்தில் இது நடக்கும் என்றுதான் இருக்கிறது. புத்தகத்தில் இருப்பது எனக்கு முன்னால் நடந்தது அதுவே முதல் தடவை.

ஹேமந்த் எழுந்து வந்தார். நுரை இல்லாமல் ட்ரம்மின் அடியிலுள்ள குழாயிலிருந்து ஒரு பாட்டில் பிடிக்கச் சொன்னார். தலைகீழாகத் திருப்பினார். குமிழ், திங்கட்கிழமை காலை வேலைக்குப் போகிறவன் மாதிரி, மேலே போகவே மனசில்லாமல் ஏறியது. அவர் இரண்டாவது தடவை திருப்பினார். மூன்றாவது தடவை திருப்பும்போது சிரித்துவிட்டார்.

“சூப்பர் அம்மா. இதையே குடுங்க. ட்ரம்மோட இன்னிக்கே எடுத்துக்கறேன்.”

மாமா என் கையைப் பிடித்து நசுக்கினார். அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டார். மணி பதினொன்றே முக்காலைத் தாண்டியிருந்தது. வேண்டியது நேரத்துக்குள் நடந்துவிட்டது.

“இது வேண்டாம் சார்,” என்றாள் அக்கா.

எனக்குக் காது அடைத்துக்கொண்டதோ என்று நினைத்தேன். மாமாவின் பிடி என் கையிலேயே உறைந்துபோனது.

“ஏன்? நல்லாத்தானே இருக்கு?”

“நல்லா இருக்கு. ஆனா இதுல எவ்வளவு உப்பு, எவ்வளவு பேஸ்ட், எவ்வளவு தண்ணின்னு எனக்குத் தெரியாது. இவங்களுக்கும் தெரியாது. இன்னிக்கு இதைப் பாத்து நீங்க ஆர்டர் குடுப்பீங்க. அடுத்த வாரம் இதே மாதிரி கேப்பீங்க. என்னால மறுபடி இதைப் பண்ண முடியாது சார். நான் அளந்து கலக்கினது வேற. அதைத்தான் உங்களுக்குக் காட்டணும்.”

“எப்போ?”

“வியாழக்கிழமை.”

ஹேமந்த் பாட்டிலைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். சரக்கைத் தள்ளிவிடுவதுதான் இத்தனை நாளும் அவர் வேலை. இன்று அதை வேறொருவர் செய்துவிட்டார். கொஞ்ச நேரம் ஹெல்மெட்டின் கண்ணாடியைத் துடைத்தார்.

“வியாழக்கிழமை வரேன். வாக்கு எதுவும் குடுக்கலை, பாருங்க. கெட்டியா இல்லேன்னா அவ்வளவுதான்,” என்றார். வாசல்வரை போய்த் திரும்பி, “அந்த மொளகாய் விஷயம் நெஜமா?” என்று கேட்டார். நிஜம் என்றோம். தலையை ஆட்டிக்கொண்டே வண்டியை எடுத்தார்.

“மகேசு!” என்று வெடித்தார் மாமா. “கையில வந்ததைத் தட்டி விட்டுட்டியே! இப்ப ஆர்டரும் இல்ல, மணி பன்னெண்டு ஆகப்போகுது. கம்பெனிக்காவது ஃபோன் பண்ணு!”

அக்கா ஃபோனை எடுத்தாள். மேனேஜர் எடுத்திருக்க வேண்டும். அக்கா வெங்காயக் கிடங்கின் பக்கம் திரும்பிக்கொண்டு பேசினாள்.

“சார், நானு பரல்லா. ஹௌது சார், யோச்னே மாடிதே. பேரே யாரன்னாதரு தகோளி.”

வரமாட்டேன், யோசித்துவிட்டேன், வேறு யாரையாவது எடுத்துக்கொள்ளுங்கள். கன்னடம் எங்கள் எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் அத்தை, “என்ன சொன்னா? என்ன சொன்னா?” என்று என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தார். மாமா வாளிமேல் உட்கார்ந்துவிட்டார்.

அக்கா ஃபோனை இடுப்பில் செருகினாள்.

“ஏங்க, முக்கு ஹார்டுவேர் கடைக்குப் போய் ஒரு பூட்டு வாங்கிட்டு வாங்க. பெருசா.”

மாமா போய் வாங்கி வந்தார். பித்தளைப் பூட்டு, மூன்று சாவி. ஆளுக்கொன்று என்று அவராகவே ஒரு கணக்குப் போட்டு, ஒன்றை எடுத்து ஆட்டோச் சாவியோடு கோத்தும்விட்டிருந்தார். அக்கா கையை நீட்டினாள். அவர் அதைக் கழற்றிக் கொடுக்கும்வரை நீட்டியபடியே நின்றாள். மூன்றையும் வாங்கிக்கொண்டு எங்களை வெளியே போகச் சொன்னாள்.

“நானுமா அக்கா?”

“நீதான் முதல்ல.”

கதவு உள்பக்கமாகச் சாத்திக்கொண்டது. சந்தில், வெங்காய மூட்டைகளுக்கு நடுவே, ஒரு ஆட்டோ டிரைவர், ஒரு மெஸ் சமையல்காரர், ஒரு எம்.எஸ்சி. மாணவன் மூவரும் நின்றோம். உள்ளே உப்புப் பாக்கெட் சரசரத்தது, தராசில் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு எடுக்கும் சத்தம். பிறகு, இன்னும் கொஞ்சம் குறைத்து, மறுபடி வைக்கும் சத்தம்.